என்ன படம் போடலாம்?

(மேல்நிலை இரண்டாமாண்டு விடுதி மாணவி ஒருத்தி)

டிசம்பர் மாதம் பிறந்துவிட்டால் எங்கள் விடுதியில் மூன்று வழக்குகள் தொடங்கிவிடும். குடிலுக்கு வைக்கோலும் பாசியும் யார் கொண்டு வருவது என்பது முதல் வழக்கு. கேரல் பவனியில் கிறிஸ்துமஸ் தாத்தாவாக வேடம் போடுவது யார் என்பது இரண்டாவது வழக்கு. விடுமுறைக்கு வீட்டுக்குப் போகும் முன்னால் கடைசி இரண்டு இரவுகளிலும் என்ன படம் போடுவது என்பது மூன்றாவது வழக்கு. முதல் இரண்டும் எப்படியாவது தீர்ந்துவிடும். மூன்றாவதற்குத் தீர்ப்புச் சொல்ல சாலமோன் அரசரே வந்தாலும் திணறிப் போவார்.

சாப்பாட்டு அறையில் மேசைகளை ஓரமாக ஒதுக்குவோம். சுவரில் வெள்ளைப் போர்வையை விரித்துக் கட்டுவோம். பள்ளியின் புரொஜெக்டர் அன்று எங்களுக்குக் கிடைக்கும். ஆறாம் வகுப்புக் குழந்தைகள் பாயில் முன்வரிசை. பெரிய அக்காமார் பின்னால் பெஞ்சில். கட்டன் சாயாவும் அச்சப்பமும் சுற்றி வரும். ஆண்டு முழுவதும் மணி அடித்தால் எழுந்து மணி அடித்தால் படுக்கும் எங்களுக்கு அந்த இரண்டு இரவுகளும் எவ்வளவு பெரியவை என்பது விடுதியில் தங்கிப் படித்தவர்களுக்குத்தான் தெரியும்.

“ஒரு படம் பார்ப்பதற்கு இவ்வளவு பேச்சா?” என்று நீங்கள் கேட்கலாம். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். அந்த நினைப்பு ஓர் இரவில் மாறியது. அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

என் பாட்டிக்கு இந்தத் தொல்லை இருந்ததில்லை. மார்த்தாண்டத்தை இன்றும் ‘தொடுவெட்டி’ என்றே சொல்கிறவர்கள் அவர்கள். பாட்டியின் சிறு வயதில் படத்தைத் தேர்ந்தெடுக்கும் வேலை யாருக்கும் கிடையாது. ஊர்த் திருவிழாவின்போது கோவில் மைதானத்தில் இரண்டு கமுகு மரங்களை நட்டு, நடுவே வெள்ளைத் துணியைக் கட்டுவார்களாம். பங்குச் சாமியார் எந்தப் படத்தை வரவழைத்தாரோ அதுதான் படம். திரைக்கு இந்தப் பக்கம் இடம் கிடைக்காதவர்கள் அந்தப் பக்கம் உட்கார்ந்து பார்ப்பார்களாம். அவர்களுக்கு எல்லாரும் இடது கையால் சாப்பிடுவார்கள், இடது கையால் சிலுவை அடையாளம் போடுவார்கள்! அதைச் சொல்லிச் சொல்லிப் பாட்டி சிரிப்பார்கள்.

அப்படிப் பாட்டி பார்த்த முதல் படம் ‘ஞானசௌந்தரி’. சிட்டாடல் நிறுவனத்தார் 1948-ஆம் ஆண்டு வெளியிட்ட படம் அது. டி.ஆர். மகாலிங்கமும் எம்.வி. ராஜம்மாவும் நடித்தது. அதே ஆண்டில் ஜெமினி நிறுவனமும் இதே கதையைப் படமாக எடுத்தது. ஆனால் மக்கள் கொண்டாடியது சிட்டாடல் படத்தைத்தான். சிற்றன்னையின் சூழ்ச்சியால் கைகள் இரண்டையும் இழந்த பெண்ணுக்குத் தேவமாதா மீண்டும் கைகளைத் தந்த கதை. “அண்ணைக்கு மைதானத்தில அழாத ஆளு கிடையாது மக்களே. வீட்டுக்கு வந்து எனக்க கையைத் தொட்டுத் தொட்டுப் பாத்துக்கிட்டே உறங்கினேன்” என்று பாட்டி சொல்வார்கள்.

பாட்டி பார்த்த அந்த வெள்ளைத் துணிக்கும் முன்னால் ஒரு கதை இருக்கிறது. அதை எங்கள் வரலாற்று ஆசிரியை சொல்லக் கேட்டேன். 1905-ஆம் ஆண்டு திருச்சியில் ரயில்வேயில் வேலை பார்த்துக்கொண்டிருந்தவர் கோயம்புத்தூர்க்காரரான சாமிக்கண்ணு வின்சென்ட். ஊர் ஊராகப் படம் காட்டி வந்த டூபாண்ட் என்ற பிரெஞ்சுக்காரர் திருச்சிக்கு வந்த இடத்தில் நோயுற்றார். அவரிடமிருந்த படம் காட்டும் கருவியையும் சில துண்டுப் படங்களையும் வின்சென்ட் விலை கொடுத்து வாங்கினார். வேலையை விட்டுவிட்டுக் கூடாரம் போட்டு ஊர் ஊராகப் படம் காட்டப் புறப்பட்டார். பிற்காலத்தில், 1914-இல், கோயம்புத்தூரில் ‘வெரைட்டி ஹால்’ என்ற நிலையான கொட்டகையையும் கட்டினார். அவர் முதன்முதலில் கொண்டுபோன படங்களில் ஒன்று என்ன தெரியுமா? இயேசு கிறிஸ்துவின் வாழ்க்கை! ஆகவே தமிழ்நாட்டுக் கிராமத்து மனிதர்கள் பலர் வாழ்க்கையில் முதன்முதலாகத் திரையில் கண்ட முகங்களுள் நம் ஆண்டவரின் முகமும் ஒன்று. அக்காலப் படங்களுக்குப் பேச்சு கிடையாது. திரைக்குப் பக்கத்தில் ஒருவர் நின்று உரத்த குரலில் கதையை விளக்குவாராம். இந்தச் செய்தியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

திரைப்படம் என்றாலே பாவம் என்று சிலர் சொல்லக் கேட்டிருக்கிறோம். ஆனால் திருச்சபை அவ்வளவு எளிதாக அதைத் தள்ளிவிடவில்லை. திருத்தந்தை பதினோராம் பத்திநாதர் 1936-ஆம் ஆண்டிலேயே திரைப்படங்களைப் பற்றித் தனியாக ஒரு சுற்றுமடல் எழுதினார். தீமை செய்யவும் நன்மை செய்யவும் இதற்குப் பெரும் ஆற்றல் உண்டு, எனவே விழிப்பாயிருங்கள் என்பது அதன் சாரம். இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963-ஆம் ஆண்டு டிசம்பர் 4-ஆம் நாள் வெளியிட்ட ஆணை மடல் திரைப்படத்தையும் வானொலியையும் தொலைக்காட்சியையும் வியத்தகு கண்டுபிடிப்புகளோடு சேர்த்துப் பேசியது. திரைப்படம் பிறந்து நூறாண்டு நிறைந்தபோது, 1995-இல், வத்திக்கான் 45 சிறந்த படங்களின் பட்டியல் ஒன்றையே வெளியிட்டது. சமயம், மானிட விழுமியம், கலை என்று மூன்று பிரிவுகள், பிரிவுக்குப் பதினைந்து. ‘பென்ஹர்’ அதில் உண்டு, ‘காந்தி’ உண்டு, ஒரு மிதிவண்டியைத் திருட்டுக் கொடுத்த ஏழைத் தந்தையையும் அவர் மகனையும் பற்றிய இத்தாலியப் படமும் உண்டு. சார்லி சாப்ளின் இயந்திரத்துக்குள் மாட்டிக்கொண்டு சுழலும் ‘மாடர்ன் டைம்ஸ்’ கூட உண்டு!

இந்தப் பட்டியலை நான் ஒன்பதாம் வகுப்பில் இருந்தபோது மறைக்கல்வி வகுப்புக்காக எழுதி எடுத்து வைத்திருந்தேன். அதுதான் என் தலைக்கனத்துக்குக் காரணம்.

அது 2022-ஆம் ஆண்டு டிசம்பர். கிறிஸ்துமஸ் படத்தைத் தேர்ந்தெடுக்க எங்கள் விடுதிக் காப்பாளர் சிஸ்டர் ஐந்து பேர் கொண்ட ஒரு குழுவை ஏற்படுத்தினார்கள். அதில் நானும் ஒருத்தி. என் கையில் பட்டியல். என் வாயில் ‘பென்ஹர்’. 1959-ஆம் ஆண்டு வெளிவந்தது, பதினோரு ஆஸ்கார் பரிசுகள் பெற்றது, வத்திக்கானே ஏற்றுக்கொண்டது, இயேசு பெத்லகேமில் பிறக்கும் காட்சியோடு தொடங்குவது. கிறிஸ்துமஸுக்கு இதைவிடப் பொருத்தமான படம் உண்டா என்று வாதாடினேன். ஏழாம் வகுப்புக் குழந்தை ஒன்று, திருடர்களை விரட்டும் சிறுவனின் படமான ‘ஹோம் அலோன்’ போடலாமா என்று மெல்லக் கேட்டது. “அது எல்லா வருஷமும் டிவியில் வருகிறதே” என்று சொல்லி அதன் வாயை அடைத்தேன்.

என் பக்கத்துக் கட்டிலில் படுப்பவள் என் உயிர்த்தோழி. கடற்கரை ஊர்க்காரி. அவள் குழுவில் இல்லை. அன்று இரவு விளக்கணைத்த பிறகு கேட்டாள்:

“அதில கடல் வருமா?”

“கடலும் வரும், கப்பலும் வரும், கப்பல் சண்டையே வரும்! பாத்துக்கிட்டே இரு” என்றேன் பெருமையாக.

அவள் ஒன்றும் சொல்லவில்லை. உறங்கிவிட்டாள் என்று நினைத்தேன்.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். 2017-ஆம் ஆண்டு நவம்பர் 30-ஆம் நாள் ஒக்கிப் புயல் நம் மாவட்டத்தைத் தாக்கியது. எங்கள் பக்கத்தில் ரப்பர் மரங்கள் முறிந்தன. வாழைத் தோட்டங்கள் சாய்ந்தன. பல நாள் மின்சாரம் இல்லை. எனக்கு அப்போது ஒன்பது வயது. பள்ளிக்கூடம் இல்லை என்ற மகிழ்ச்சிதான் எனக்கு நினைவிருக்கிறது. ஆனால் தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை முதலிய கடற்கரை ஊர்களிலிருந்து ஆழ்கடலுக்குப் போயிருந்தவர்களில் நூற்றுக்கும் மேற்பட்டோர் திரும்பி வரவே இல்லை. காணாமற்போனவர்களைத் தேடித் தரக் கோரி டிசம்பர் 7-ஆம் நாள் ஆயிரக்கணக்கான மக்கள் நடந்தே வந்து குழித்துறை ரயில் நிலையத்தில் தண்டவாளத்தின்மேல் உட்கார்ந்தார்கள். அந்தக் கூட்டத்தில் தன் அம்மாவின் சேலையைப் பிடித்துக்கொண்டு என் தோழியும் இருந்திருக்கிறாள். அவளுடைய அப்பா வரவில்லை. உடலும் கிடைக்கவில்லை.

இது எனக்குத் தெரியாததா? நன்றாகத் தெரியும். ஒவ்வொரு நவம்பர் 30-ஆம் நாளும் அவள் விடுப்பு எடுத்துக்கொண்டு ஊருக்குப் போய்த் திருப்பலி கொடுத்துவிட்டு வருவாள். அந்த ஆண்டும் போய் வந்து மூன்று வாரம்தான் ஆகியிருந்தது. தெரிந்தும் எனக்குத் தோன்றவில்லை. என் கண் முன்னால் பதினோரு ஆஸ்கார் பரிசுகள் நின்றுகொண்டிருந்தன.

படம் போட்ட இரவு வந்தது. மூன்றரை மணி நேரத்துக்கு மேல் ஓடும் படம் என்பதால் இரண்டு இரவாகப் பிரித்துக் காட்டுவதாகத் திட்டம். பேச்சு ஆங்கிலத்தில். எனவே சிஸ்டர் திரைக்குப் பக்கத்தில் நின்று, அவ்வப்போது நிறுத்தித் தமிழில் கதை சொன்னார்கள். வின்சென்ட் காலத்து விளக்கக்காரரைப் போலவே! பெத்லகேம் குகையைக் கண்டு குழந்தைகள் கைதட்டினார்கள். கூரையிலிருந்து ஓடு விழுந்து ஆளுநர் காயம்பட, செய்யாத குற்றத்துக்காகப் பென்ஹரும் அவன் தாயும் தங்கையும் சிறைப்பட்டபோது எல்லாரும் “ஐயோ” என்றார்கள். சங்கிலியில் கட்டப்பட்டு நாசரேத்து வழியாக இழுத்துச் செல்லப்படும் பென்ஹருக்கு ஒருவர் தண்ணீர் கொடுக்கிறார். அவர் முகத்தைக் காட்டவே இல்லை. “யார் அது?” என்று சிஸ்டர் கேட்டார்கள். “இயேசு!” என்று அறையே அதிர்ந்தது.

பிறகு கடல் வந்தது. அடிமைகள் காலில் சங்கிலியோடு துடுப்பு வலிக்கிறார்கள். பகைவர் கப்பல் வந்து பக்கவாட்டில் மோதுகிறது. பலகைகள் பிளந்து தண்ணீர் உள்ளே பாய்கிறது. சங்கிலியை அறுக்க முடியாமல் மனிதர்கள் அலறுகிறார்கள். எங்கள் சிறிய அறையில் அந்த ஓசை மிகப் பெரிதாகக் கேட்டது. நான் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் இருந்தவள் எப்போது எழுந்து போனாள் என்று எனக்குத் தெரியாது. சிஸ்டருக்குத் தெரிந்தது. படம் நின்றது. விளக்கு எரிந்தது. சிஸ்டர் என்னைப் பார்த்த பார்வையில் கோபம் இல்லை. “எங்கே?” என்ற கேள்விதான் இருந்தது. அப்போதுதான் அவளுடைய பழைய கேள்வி என் காதில் மறுபடியும் விழுந்தது. அதில கடல் வருமா?

துணி துவைக்கும் கல்லின்மேல் உட்கார்ந்திருந்தாள். அழவில்லை. நான் பக்கத்தில் போய் நின்றேன்.

“அவங்களைக் கப்பல் வந்து எடுத்திட்டா?” என்று கேட்டாள்.

படத்தில் பென்ஹரும் ரோமைத் தளபதியும் உடைந்த பலகை ஒன்றின்மேல் நடுக்கடலில் மிதப்பார்கள். ஒரு கப்பல் அவர்களைக் கண்டு ஏற்றிக்கொள்ளும். கதையை முன்பே படித்திருந்ததால் எனக்குத் தெரியும்.

“ஆமா, எடுத்திட்டு” என்றேன்.

“எங்க அப்பா எத்தனை நாளு கிடந்தாரோ!”

எனக்குப் பேச்சு வரவில்லை. சிஸ்டர் கையில் மூன்று தம்ளர் கட்டன் சாயாவோடு வந்து எங்களோடு கல்லில் உட்கார்ந்தார்கள். வெகு நேரம் யாரும் பேசவில்லை. பிறகு அவள் சிஸ்டரிடம் கேட்டாள்: “இயேசு காத்தையும் கடலையும் அடக்கினாரே சிஸ்டர், அண்ணைக்கு ஏன் அடக்கல்ல?”

சிஸ்டர் ஏதாவது அறிவுரை சொல்வார்கள் என்று எதிர்பார்த்தேன். அவர்கள் சொன்னது இதுதான்: “எனக்கும் தெரியாது மோளே. ஜெபத்தில் நானும் அதைத்தான் கேட்கிறேன். சேர்ந்தே கேட்போம்.” அவள் சிஸ்டரின் தோளில் சாய்ந்துகொண்டு அப்போதுதான் அழுதாள்.

மறுநாள் காலை நான் சிஸ்டரிடம் போய் மன்னிப்புக் கேட்டேன். “படத்தைப் பார்த்துத் தேர்ந்தெடுத்தோம். படம் பார்க்கப் போகிறவர்களைப் பார்க்க மறந்துவிட்டோம். நீ மட்டுமல்ல, நானும்தான்” என்றார்கள். அவர்களே அப்படிச் சொன்னது எனக்கு ஒரு நல்ல தண்டனையாக இருந்தது.

இரண்டாம் இரவு என்ன செய்வது? பென்ஹரைத் தொடர யாருக்கும் மனமில்லை. இந்த முறை சின்னக் குழந்தைகளைக் கேட்டோம். அவர்கள் ஒரே குரலாகச் சொன்னது, ‘மை டியர் குட்டிச்சாத்தான்’! 1984-ஆம் ஆண்டு வெளிவந்த மலையாளப் படம். இந்தியாவின் முதல் முப்பரிமாணப் படம். மந்திரவாதியிடம் அடிமைப்பட்ட ஒரு குட்டிச்சாத்தானை மூன்று குழந்தைகள் விடுவிக்கும் கதை. மார்த்தாண்டத்தில் மலையாளப் படத்துக்கு விளக்கம் தேவையில்லை. ஆனால் கிறிஸ்து பிறப்புக்குச் சாத்தானா? குழுவில் ஒருத்தி தயங்கினாள். சிஸ்டர் வயிறு குலுங்கச் சிரித்துவிட்டு, “குட்டிதானே, வரட்டும். ஜெபமாலை சொல்லிவிட்டுப் பார்ப்போம்” என்றார்கள். அன்று அறை முழுவதும் சிரிப்பு. முப்பரிமாணக் கண்ணாடி இல்லாமலே குழந்தைகள் திரையை எட்டிப் பிடிக்கப் போனார்கள். என் தோழியும் சிரித்தாள். அவள் சிரித்ததைப் பார்த்த பிறகுதான் அந்த ஆண்டு எனக்குக் கிறிஸ்துமஸ் வந்தது.

விடுமுறை முடிந்து வந்ததும் நாங்கள் ஒரு நோட்டுப் புத்தகம் தொடங்கினோம். ஒவ்வொரு விழாவுக்கும் ஒரு பக்கம். என்ன படம், எத்தனை நிமிடம், யாருக்கு ஏற்றது, யாருக்கு ஏற்றதல்ல என்று எழுதி வைத்தோம். அதிலிருந்து சிலவற்றை இங்கே தருகிறேன். பெற்றோருக்கும் பயன்படலாம்.

பிப்ரவரி 11, லூர்து அன்னையின் திருநாள். இதற்கு 1943-ஆம் ஆண்டு வெளிவந்த ‘பெர்னதெத்தின் பாடல்’ என்ற ஆங்கிலப் படம். பெர்னதெத்தாக நடித்த ஜெனிபர் ஜோன்ஸ் அதற்காகச் சிறந்த நடிகைக்கான ஆஸ்கார் பரிசு பெற்றார். பிறர் நம்பாதபோதும் தான் கண்டதை மாற்றிச் சொல்லாத ஒரு பெண்ணின் கதை. எல்லா வகுப்பினரும் பார்க்கலாம். பழைய கறுப்பு வெள்ளைப் படம், மெதுவாகச் செல்வது. ஆகவே விளக்கிச் சொல்ல ஆள் வேண்டும்.

தவக்காலம். சாம்பல் புதன் தொடங்கி உயிர்ப்பு ஞாயிறு வரை பாட்டி வீட்டில் படமே கிடையாது. அதுவும் ஓர் ஒறுத்தல். “வயிற்றுக்கு மட்டுமா நோன்பு, கண்ணுக்கு வேண்டாமா?” என்பது பாட்டியின் வாதம். எங்கள் விடுதியில் ஒன்றே ஒன்று காட்டலாம் என்று முடிவு. மொலோகாய் தீவில் தொழுநோயாளருக்குப் பணிபுரிந்து, தானும் அந்நோய் கண்டு 1889-இல் இறந்த புனித தமியானைப் பற்றி 1999-இல் ஒரு படம் வந்தது. அது பெரிய வகுப்பினருக்கு.

பெரிய வெள்ளி. இங்கேதான் மிகவும் கவனம் தேவை. 2004-ஆம் ஆண்டு வந்த ‘பாஷன் ஆஃப் தி கிறைஸ்ட்’ படத்தைப் பல வீடுகளில் அன்று போடுகிறார்கள். அமெரிக்காவிலேயே பதினேழு வயதுக்குக் குறைந்தவர்கள் பெரியவர் துணையின்றிப் பார்க்கக் கூடாது என்று சான்றளிக்கப்பட்ட படம் அது. சாட்டையடிக் காட்சியைக் கண்ட என் தம்பி இரண்டு இரவு உறங்கவில்லை. சிலுவைப்பாதைக்குக் கோவிலுக்கு வரவும் பயந்தான். ஆண்டவருடைய பாடுகள் குழந்தைக்கு அன்பைத் தர வேண்டும், அச்சத்தைத் தரக் கூடாது. 1977-ஆம் ஆண்டு தொலைக்காட்சிக்காக எடுக்கப்பட்ட ‘நாசரேத்து இயேசு’ ஆறு மணி நேரத்துக்கு மேல் ஓடும். அதைப் புனித வாரத்தில் நாளுக்குச் சிறிதாகப் பிரித்துப் பார்க்கலாம். தெலுங்கில் 1978-இல் வெளிவந்து தமிழில் ‘கருணாமூர்த்தி’ என்ற பெயரில் வந்த படம் பாட்டிமாருக்கு ஏற்றது. அதில் இயேசுவாக நடித்தவர் விஜயசந்தர்.

ஆகஸ்ட் 15 நமக்கு இரட்டைத் திருநாள். மாதாவின் விண்ணேற்பும் நாட்டின் விடுதலையும். 1961-ஆம் ஆண்டு பி.ஆர். பந்துலு எடுத்த ‘கப்பலோட்டிய தமிழன்’ இந்த நாளுக்கு. செப்டம்பர் 8, மாதாவின் பிறந்தநாளுக்கு 1971-ஆம் ஆண்டு வந்த ‘அன்னை வேளாங்கண்ணி’. ஓணத்துக்கு நம் மாவட்டத்தில் உள்ளூர் விடுமுறை. அன்று தொலைக்காட்சியே படத்தைத் தேர்ந்தெடுத்துவிடுகிறது! ஆனால் எங்கள் வீட்டில் ஓணச் சாப்பாடு முடியும்வரை பெட்டியைத் திறக்கக் கூடாது என்பது அம்மாவின் சட்டம்.

கிறிஸ்துமஸ் பக்கத்தில் ஒரு படத்தைப் பற்றி நீண்ட குறிப்பு இருக்கிறது. 1946-ஆம் ஆண்டு வெளிவந்த ‘இட்ஸ் எ வொண்டர்ஃபுல் லைஃப்’. வெளிவந்தபோது போட்ட பணம்கூடத் திரும்பவில்லை. அதன் பதிப்புரிமை 1974-இல் புதுப்பிக்கப்படாமல் போனதால் அமெரிக்கத் தொலைக்காட்சி நிலையங்கள் ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் அதை ஒளிபரப்பத் தொடங்கின. தோற்ற படம் வீட்டுக்கு வீடு திருநாள் படமாகிவிட்டது. வாழ்ந்தது வீண் என்று எண்ணிய ஒரு மனிதனுக்கு, அவன் பிறக்காமலே இருந்திருந்தால் ஊர் என்னவாகியிருக்கும் என்று ஒரு வானதூதர் காட்டும் கதை. அருமையான கதைதான். ஆயினும் அந்தக் குறிப்பின் கீழே என் தோழியின் கையெழுத்தில் இப்படி இருக்கிறது: “இதில் ஒருவர் ஆற்றில் குதித்துச் சாக நினைக்கிறார். யார் பார்க்கப் போகிறார்கள் என்று பார்த்துவிட்டுப் போடவும்.”

ஆம், நோட்டுப் புத்தகத்தை எழுதியதில் பாதி அவள்தான்.

2023-ஆம் ஆண்டு ஏப்ரல் 9 உயிர்ப்பு ஞாயிறு. விழா முடிந்து விடுதிக்குத் திரும்பியதும் அவள் என்னிடம் கேட்டாள்: “அந்த அம்மையும் தங்கச்சியும் செயிலில இருந்தாங்களே, அவங்க பிறகு என்ன ஆனாங்க?”

யாரைப் பற்றிக் கேட்கிறாள் என்று முதலில் எனக்குப் புரியவில்லை. பிறகு புரிந்தது. பென்ஹரின் தாயும் தங்கையும். நான்கு மாதமாக அவர்களைச் சிறையிலேயே விட்டுவைத்திருக்கிறாள். அவளுக்கும் வீட்டில் ஓர் அம்மா, ஒரு தங்கை.

கதையை வாயால் சொல்லியிருப்பேன். ஆனால் அவளே, “பாக்கியைப் போடச் சொல்லட்டா?” என்றாள். சிஸ்டரிடம் சேர்ந்தே போனோம். அடுத்த சனிக்கிழமை இரவு, கடல் கழிந்த இடத்திலிருந்து படம் தொடங்கியது. நடுவில் நடந்ததைச் சிஸ்டர் இரண்டே வாக்கியத்தில் சொல்லி முடித்தார்கள். வேண்டுமென்றால் எழுந்து போக வசதியாக அவள் கதவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். நானும் அங்கேயே உட்கார்ந்தேன். இந்த முறை நான் திரையைப் பாதியும் அவளைப் பாதியுமாகப் பார்த்தேன்.

தேரோட்டப் பந்தயத்தில் குழந்தைகள் கூச்சலிட்டார்கள். அதன் பிறகு அறை அமைதியானது. தாயும் தங்கையும் தொழுநோயாளராகிவிட்டார்கள். சிலுவை சுமந்து போகிறவருக்குப் பென்ஹர் தண்ணீர் கொடுக்கப் போகிறான். அன்று நாசரேத்தில் தனக்குத் தண்ணீர் தந்தவர் இவரே என்று கண்டுகொள்கிறான். கல்வாரியில் இருள் சூழ்கிறது. பெருமழை பெய்கிறது. சிலுவையடியிலிருந்து மழைநீர் ஓடி வருகிறது. குகையில் ஒதுங்கியிருந்த தாயும் மகளும் தங்கள் கைகளைப் பார்க்கிறார்கள். நோய் நீங்கியிருக்கிறது. எனக்குப் பாட்டி தம் கைகளைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டே உறங்கிய இரவு நினைவுக்கு வந்தது.

அவள் எழுந்து போகவில்லை. படம் முடிந்து விளக்கு எரிந்தபோது, “அவங்க ரெண்டு பேரும் வீட்டுக்கு வந்திட்டாங்க, இல்லியா?” என்றாள். “வந்திட்டாங்க” என்றேன். அவ்வளவுதான். அவளுடைய கேள்விக்கெல்லாம் அந்தப் படம் விடை சொல்லிவிட்டது என்று நான் எழுதமாட்டேன், அது உண்மையல்ல. அவளுடைய அப்பா வரவில்லை. ஆனால் கிறிஸ்துமஸ் இரவில் பாதியில் எழுந்து போனவள், உயிர்ப்பு விழாக் காலத்தில் கடைசிவரை எங்களோடு உட்கார்ந்திருந்தாள்.

பெத்லகேமில் தொடங்கிக் கல்வாரியில் முடியும் படத்தை ஒரே வாரத்தில் பார்த்து முடிக்க நான் அவசரப்பட்டேன். திருச்சபையோ அந்த இரண்டுக்கும் நடுவில் எத்தனையோ மாதங்களையும் ஒரு தவக்காலத்தையும் வைத்திருக்கிறது. சிலருக்கு அந்த இடைவெளி தேவைப்படுகிறது.

இந்த ஆண்டு கிறிஸ்துமஸ் படக்குழுவுக்கு என் தோழிதான் தலைவி. பட்டியல் எதையும் அவள் கையில் எடுக்கவில்லை. முதல் வேலையாக ஆறாம் வகுப்புக்குப் புதிதாக வந்திருக்கும் பிள்ளைகளின் அறைக்குப் போனாள். ஒவ்வொரு குழந்தையின் கட்டிலிலும் உட்கார்ந்து, “உனக்கு எதைக் கண்டா பயம் மக்களே?” என்று கேட்டாள். ஒருத்தி நாய் என்றாள். ஒருத்தி இருட்டு என்றாள். ஒருத்தி வெகு நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “அப்பா கள்ளு குடிச்சிட்டு வாறது” என்றாள். என் தோழி எல்லாவற்றையும் நோட்டுப் புத்தகத்தில் எழுதிக்கொள்ளவில்லை. சிலவற்றை மனத்தில் மட்டும் வைத்துக்கொண்டாள்.

பெற்றோரே, தோழியரே! வரும் திருநாளில் உங்கள் வீட்டிலும் “என்ன படம் போடலாம்?” என்ற பேச்சு எழும். பெட்டியைத் திறக்கும் முன்னால் ஒரு நிமிடம் சுற்றிலும் பாருங்கள். அந்த ஆண்டு யாரை இழந்த வீடு அது? மூலையில் உட்கார்ந்திருக்கும் சிறுபிள்ளை யார்? கண் மங்கிய பாட்டிக்குப் பக்கத்திலிருந்து கதை சொல்ல யார் இருக்கிறார்கள்? பாதியில் யாராவது எழுந்து போனால், படத்தை நிறுத்திவிட்டு அவர்கள் பின்னால் போக நமக்கு மனம் இருக்கிறதா?

அந்த மனம் இருந்தால் போதும். பிறகு எந்தப் படம் போட்டாலும் சரி, அது குட்டிச்சாத்தானாகவே இருந்தாலும் சரி!